போர்டில் எழுதிய இரண்டு வரி

ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் பிரேக் வேலை மட்டுமே பார்த்தவன், சொல்வதற்கு நிறைய வைத்திருப்பான் என்ற நம்பிக்கை. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "பாய், அந்தப் போர்டு விசயத்த மட்டும் விட்டுப்போடுங்க. புதுசா வந்தவங்க படிக்கறது." சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பேனாவைத் திறந்த பிறகு அந்தப் போர்டு விஷயத்தைத் தவிர வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. இதைப் படித்து யாருக்காவது கோபம் வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள். ஓய்வு பெற்றவனை இனி என்ன செய்துவிட முடியும்?

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் காலிப்பரை எப்படிக் கழற்றுவது, அதற்குள் இருக்கும் பிஸ்டனை எப்படி வெளியே எடுப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அது கை பழகினால் வந்துவிடும். போதாததற்கு உங்கள் எல்லோருடைய போனிலும் வீடியோ இருக்கிறது. நான் சொல்லப்போவது வீடியோவில் இல்லாத விஷயம். காலிப்பரைச் சுற்றி ஐந்து பேர் நிற்கும்போது, தப்பு நம்முடையது என்று நமக்கு மட்டும் தெரியும்போது, வாயைத் திறப்பதா மூடுவதா என்பது.

எங்கள் ஒர்க்‌ஷாப் கருமத்தம்பட்டியில் இருக்கிறது. நான் கோட்டைமேட்டுக்காரன். தினமும் பஸ் ஏறி வந்து போவேன். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள் என்பதால் எங்களிடம் வருவதில் பாதி வண்டி பிக்கப்தான். நூல் சுற்றிய பெரிய இரும்பு உருளைகளைப் பாவு பீம் என்பார்கள். அவற்றைத் தறிகளுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, நெய்த துணியை ஏற்றிக்கொண்டு திரும்பும் வண்டிகள். ஒவ்வொரு பீமும் நாலு ஆள் சேர்ந்து தூக்கும் கனம். அந்த வண்டிகளுக்கு பிரேக்தான் உயிர்.

பிரேக் ஜாம் என்று வண்டி வந்தால் என்னிடம் தயாராக ஒரு வாக்கியம் இருந்தது. "கால பிரேக் மேலயே வெச்சுட்டு ஓட்டறீங்களாட்ட இருக்குது." இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம். பல நேரம் அது சரியாகவும் இருந்ததுதான் வினை. பத்துப் பேரில் ஆறு பேர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்கள். மீதி நாலு பேரைப் பற்றி நான் யோசித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம் உங்களுக்கு இன்னும் தெரிந்திருக்காது. எல்லா ஸ்பேனரையும் புது டீசலில் ஊறப்போட்டு, துடைத்து, பளபளவென்று வரிசையாக அடுக்கினால்தான் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். பண்டிகை யாருடையதாக இருந்தாலும் ஸ்பேனர் என்னுடையது, அதனால் கழுவுவதும் நான்தான். அன்று காலையிலேயே பெரிய தட்டு நிறைய டீசல் ஊற்றி என் கருவிகளைப் போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் வந்தது. முன்பக்க இடது வீல் ஜாம். பூஜைக்கு வண்டி வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று வண்டி ஓனர் போனில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

வண்டியைக் கொண்டுவந்தவர் ஆறுச்சாமி. நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காடு கழனியில் கூலிக்கு வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் அவர். அதிகம் பேச மாட்டார், ஆனால் வண்டியைத் துடைத்து வைத்திருக்கும் விதத்திலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

காலிப்பரைக் கழற்றினேன். பிஸ்டனில் துரு. தேய்த்துச் சுத்தம் செய்து, பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரப்பரைப் புதிதாக மாற்ற வேண்டும். புது ரப்பரை உறையிலிருந்து எடுத்தபோது கை நழுவி மண்ணில் விழுந்துவிட்டது. அதைக் கழுவ வேண்டும். பிரேக் ரப்பரை பிரேக் ஆயிலில் மட்டும்தான் கழுவ வேண்டும், டீசல் பட்டால் ஊதி பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயமா? எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் முதல் வாரத்திலேயே சொன்னது. ஆனால் பூஜைக்காக ஸ்டோர் ரூமைக் கழுவிவிட்டுப் பூட்டியிருந்தார்கள். பிரேக் ஆயில் உள்ளே இருந்தது. டீசல் தட்டு காலடியில் இருந்தது. ரப்பரைத் தூக்கி ஸ்பேனர்களோடு போட்டேன். உடனே எடுத்துவிடலாம் என்றுதான் போட்டேன். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்து மாட்டும்போது ரப்பர் கொஞ்சம் இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தோம். நன்றாக இருந்தது. அடுத்த நாள் பூஜை நடந்தது, பொரி கடலை கொடுத்தார்கள், எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறேன்.

நாலு நாள் கழித்து ஆறுச்சாமி வந்தார். "பாய், மறுபடியும் புடிக்குதுங்க. காத்தால எடுக்கறப்ப நல்லாத்தான் இருக்குது. கொஞ்ச தூரம் போனா லெப்ட் வீல்ல கை வெக்க முடியறதில்லீங்க. பூசைக்கு நீங்க வேல செஞ்சு குடுத்ததுல இருந்துதானுங்க இப்படி."

இந்த ஒரு பேச்சில் மொத்த விஷயமும் இருந்தது. எப்போதிருந்து, எந்தப் பக்கம், எந்த நேரத்தில் என்று மூன்றையும் அவர் சொல்லிவிட்டார். நான் என் வாக்கியத்தை எடுத்து நீட்டினேன். "கால பிரேக் மேலயே வெச்சுட்டு ஓட்டறீங்களாட்ட இருக்குது, ஆறுச்சாமி."

"இல்லீங்க பாய்."

"எல்லா டிரைவரும் இல்லீங்கன்னுதான் சொல்லுவாங்க."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

அடுத்த வாரம் இரண்டாவது தடவை வந்தார். இந்த முறை சிரிக்க யாரும் இல்லை, அதனால் கொஞ்சம் வேலை செய்தேன். காலிப்பர் நகரும் பின்களை மட்டும் எடுத்துத் துடைத்து, மாட்டிக் கொடுத்தேன். பிஸ்டனைக் கழற்றவே இல்லை. நான் மாட்டிய ரப்பரை நானே சந்தேகப்படுவதா என்ற திமிர். மூன்றாவது தடவை போனில் கூப்பிட்டார். வண்டி நிறைய லோடு இருக்கிறது, வீல் புகைகிறது, அப்படியே வரவா என்று கேட்டார். "கால எடுத்துட்டு மெதுவா ஓட்டுங்க, சரியாப் போயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது எனக்கு டீ வந்திருந்தது.

மறுநாள் காலை சோமனூர் ரோட்டில் இரண்டு பீமோடு போய்க்கொண்டிருந்தபோது அந்த வண்டியின் பிரேக் போய்விட்டது. இடது காலிப்பர் விடாமல் பிடித்துப் பிடித்து, சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து, பெடல் தரைவரை இறங்கிவிட்டது. எதிரே பஸ் ஸ்டாப்பில் கூட்டம். ஆறுச்சாமி கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். பின்னால் இருந்த பீம் கட்டறுந்து முன்னால் வந்து கேபின் முதுகில் இடித்தது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அவருக்கு மட்டும் நெஞ்சில் ஸ்டியரிங் இடித்து, தோளில் வீக்கம்.

மதியத்துக்குள் வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார்கள். ஓனரும் கூடவே வந்தார். எட்டு பிக்கப் வைத்திருப்பவர், எட்டும் எங்களிடம்தான் வரும். வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னார்: "இவன் கால் சும்மா இருக்காதுங்க பாய். பிரேக் மேலயே ஏறி உக்காந்துட்டு ஓட்டுவான். நீங்களே ரெண்டு தடவ சொன்னீங்களாமா. அதையே எழுதிக் குடுத்துப்போடுங்க. நான் இவனை இன்னைக்கே அனுப்பிச்சுப்போடறேன்."

என் வாக்கியம் சுற்றிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்திருந்தது. அவர் அனுப்பிவிட்டால் ஆறுச்சாமிக்கு வேறு இடம் கிடையாது. தறிக்காரர்கள் டிரைவரை ஒருவரிடம் ஒருவர் விசாரித்துத்தான் வேலைக்கு எடுப்பார்கள். பிரேக்கில் கால் வைத்து பீமைச் சாய்த்தவன் என்று பெயர் வந்துவிட்டால், சோமனூரிலிருந்து அவிநாசிவரை அவர் கையில் எவரும் சாவி கொடுக்க மாட்டார்கள். அதுவும் ஒர்க்‌ஷாப்காரனே எழுதிக் கொடுத்தால் மறுபேச்சே இல்லை.

ஆறுச்சாமி ஒரு கையால் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தார். கெஞ்சவில்லை. "என்ற கால் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க. நீங்க எதை வேணாலும் எழுதிக்கோங்க. ஆனா கழட்டிப் பாத்துட்டு எழுதுங்க" என்றார்.

கழற்றினேன். மேனேஜர், ஓனர், ஆறுச்சாமி, எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சுற்றி நின்றார்கள். பிஸ்டன் வர மறுத்தது. காற்று கொடுத்து வெளியே தள்ளி, உள்ளே விரலை விட்டு ரப்பரை எடுத்தேன். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஊதி, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. பார்த்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. பூஜைக்கு முந்தின நாள், டீசல் தட்டு, சாப்பாடு எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ரப்பரை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். குப்பை டிரம் ஒரு எட்டுத் தூரத்தில் இருந்தது. "என்னாச்சுங்க பாய்?" என்று மேனேஜர் கேட்டபோது, "ஒன்னுமில்லீங்க சார், துருதான்" என்று என் வாய் சொன்னது. அவ்வளவு சுலபமாக வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் எங்கள் ஆள் ஒருவர் சரிபார்க்க வலது வீலையும் கழற்றி வைத்துவிட்டார். காலிப்பர் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் இடது பக்கம் நீலம் பாய்ந்து கருகியிருந்தது. வலது டிஸ்க் பளிச்சென்று இருந்தது. ஆறுச்சாமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூடியிருந்த என் கையைப் பார்த்தார்.

ஒருவர் பிரேக் மேல் கால் வைத்து ஓட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் சூடாகும். காலுக்கு இடது வீல், வலது வீல் என்று பிரித்து மிதிக்கத் தெரியாது. கிட்டத்தட்ட முப்பது வருடம் பிரேக் வேலை பார்த்த எனக்கு இது தெரியாதா? முதல் நாளே "லெப்ட் வீல்" என்று அவர் சொன்னபோது தெரிந்திருக்க வேண்டும். என் மேலேயே எனக்குப் பயங்கரமான கோபம் வந்தது. கையைத் திறந்தேன்.

"டிரைவர் மேல தப்பில்லீங்க. இந்த ரப்பர டீசல்ல ஊறப்போட்டு மாட்டுனது நான். இது என்ற தப்பு."

ஓனர் நம்பவில்லை. பாய் இரக்கப்பட்டுச் சொல்கிறார் என்றார். மேனேஜர் என்னை ஆபீஸ் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். "பாய், இத்தன வருசத்துல உங்க மேல ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. ரிட்டயர் ஆக ரெண்டு வருசம் இருக்குது. வாயில சொன்னதோட விட்டுருங்க. ஜாப் கார்டுல டிரைவர் பழக்கம்னு ஒரே வார்த்தை எழுதிப்போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

வண்டியில் என்ன கோளாறு, என்ன வேலை என்று எழுதும் அந்த ஜாப் கார்டை வாங்கினேன். ரப்பரை டீசலில் போட்டது என் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கிழித்தார். இன்னொரு கார்டு எடுத்து அதையே எழுதினேன். அதையும் கிழித்தார். மூன்றாவது கார்டை எனக்கு எட்டாதபடி டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்தேன். எந்த வண்டி எந்த வேலையில் இருக்கிறது என்று எழுதும் பெரிய வெள்ளைப் போர்டு வாசலில் உண்டு, வருகிற டிரைவர்கள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். மார்க்கரை எடுத்து அந்த வண்டி நம்பருக்கு நேராக எழுதினேன். என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அதனால் பெரிதாக எழுதினேன்.

'லெப்ட் பிரேக் ஜாம். ரப்பரை டீசலில் போட்டது என் தப்பு. டிரைவர் தப்பில்லை.'

கீழே என் பெயரைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அப்போது வாசலில் வேறு நாலைந்து வண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள். எல்லோரும் படித்தார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆறுச்சாமி வந்து கையைப் பிடித்து நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் போர்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது ரப்பரோட கதைங்க பாய்" என்றார். "என்ற கதையக் காணமே? மூணு தடவ சொன்னேனுங்க. ரெண்டு தடவ நேர்ல, ஒரு தடவ போன்ல. நீங்க காது குடுத்தீங்களா? ரப்பர் கெட்டுப்போனது ஒரு நாளுங்க. நீங்க கேக்காம இருந்தது இருவது நாளு. அந்த பஸ் ஸ்டாப்புல நின்னவங்க மேல வண்டி ஏறியிருந்தா, உங்க டீசல யாரு கேட்டிருப்பாங்க? அதையும் எழுதுங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவ்வளவு செய்திருக்கிறேன், வேலையே போகலாம், இந்த ஆளுக்கு இன்னும் என்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கோபம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மார்க்கர் மூடியைத் திரும்பக் கழற்றினேன்.

'டிரைவர் மூன்று தடவை சொன்னார். நான் கேட்கவில்லை.'

முதல் வரியைவிட இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ரப்பரில் செய்த தப்பைக் கை தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்லிக்கொள்வது? ஆறுச்சாமி போனை எடுத்து, இரண்டு வரியும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

பத்து நிமிஷத்தில் மேனேஜர் துணியோடு வந்து போர்டைத் துடைத்தார். அதற்குள் அந்தப் போட்டோ டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்ற ஆரம்பித்திருந்தது. ஓனர் ஆறுச்சாமியை வேலையை விட்டு அனுப்பவில்லை. அவர் மனம் மாறிவிட்டார் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. மற்ற ஏழு டிரைவர்களின் போனிலும் அந்தப் போட்டோ இருந்தது. அனுப்பினால் என்ன கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

என்னை ஒரு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அடுத்த நாள் காலை வழக்கமான பஸ்ஸில் ஏறி, வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றேன். "தப்புன்னு நீங்களே எழுதுனீங்க, இப்ப வந்து நின்னா எப்படிங்க?" என்று மேனேஜர் கேட்டார். "அதனாலதான் சார் வந்தேன். இனி இந்தத் தப்பச் செய்யவே செய்யாத ஆளு இந்த ஒர்க்‌ஷாப்புல நான் ஒருத்தன்தான். என்னைய அனுப்பிட்டு அந்த டீசல் தட்ட இங்கயே வெச்சிருப்பீங்களா?" என்றேன். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், பிரேக் வேலை நடக்கும் இடத்துக்கு நேர் எதிர் மூலையில் வைத்தேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று உங்களில் சிலர் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். நடங்கள்.

அந்த ஓனர் எட்டு வண்டியையும் கொஞ்ச நாள் வேறு இடத்துக்கு அனுப்பினார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தப்பை மறைக்கிற இடத்தைவிட, தப்பை வாசலில் எழுதி வைக்கிற இடம் பரவாயில்லை என்று டிரைவர்கள் பேசிக்கொண்டதாகச் சொன்னார்கள். அதை என் வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நாளைக்கு உங்களில் யாராவது இதே மாதிரி நிற்பீர்கள். நிச்சயம் நிற்பீர்கள். உங்கள் கையிலும் ஒரு ரப்பர் இருக்கும், பக்கத்தில் ஒரு டிரம் இருக்கும், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று காதில் ஓதுவதற்கு ஒருவர் இருப்பார். கார்டைக் கிழித்தால் இன்னொரு கார்டு எடுங்கள். பூட்டினால் போர்டுக்குப் போங்கள். துடைத்தால் திரும்ப எழுதுங்கள். ஆனால் அந்த அளவுக்குப் போகாமல் இருக்க வேண்டுமென்றால், வண்டியைத் தினமும் ஓட்டுகிறவர் வந்து சொல்லும்போது கொஞ்சம் காது கொடுங்கள். சக்கரம் பேசாது, அவர்தான் பேசுவார்.

நான் ஓய்வு பெற்ற அன்று ஃபிளெக்ஸ் வைக்க ஒரு நல்ல போட்டோ கேட்டார்கள். ஆறுச்சாமியிடம் வாங்கி அந்தப் போர்டு போட்டோவை அனுப்பினேன். அவர்கள் என் ஆதார் அட்டை போட்டோவைப் பெரிதாக்கிப் போட்டுவிட்டார்கள். அதில் என்னைப் பார்த்தால் திருடன் மாதிரி இருக்கும். துடைத்த போர்டுக்கும் அந்த ஃபிளெக்ஸுக்கும் சேர்த்துத்தான் இன்று எழுதித் தீர்த்துக்கொண்டேன்.

போன மாதம் ஆறுச்சாமி போன் செய்தார். இப்போது அவர் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். "பாய், ரைட் வீல் லேசா புடிக்குதுங்க" என்றார். பழைய வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. இருபது வருடப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? அதை முழுங்கிவிட்டு, அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"எப்ப இருந்துங்க?"